வேலுக்கு நெய் பூசியது யார்?

புறநானூற்றின் 95ஆம் பாட்டை நம்மில் பலர் பள்ளியிலேயே படித்திருப்போம். அதியமான் நெடுமான் அஞ்சியின் தூதாக ஔவையார் தொண்டைமானிடம் போகிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டுகிறான். அங்கே வேல்கள் மயிற்பீலி சூடி, மாலை போட்டு, காம்பு திருத்தி, நெய் பூசி, காவல் மிகுந்த பெரிய மாளிகையில் பத்திரமாக இருக்கின்றன. எங்கள் அரசனுடைய வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லனின் சிறு குடிலில் கிடக்கின்றன என்கிறார் ஔவை. புகழ்வதுபோலப் பழிக்கும் இந்தப் பாட்டை வஞ்சப்புகழ்ச்சிக்குச் சான்றாக வகுப்பில் சொல்வது வழக்கம். நானும் ஆண்டுதோறும் சொல்லிவருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் முதலாம் ஆண்டு மாணவி ஒருத்தி எழுந்து, "அம்மா, அத்தனை வேலுக்கும் யாரு நெய் தடவியிருப்பாங்க?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அவள் வீட்டில் பித்தளைக் குத்துவிளக்கு தேய்ப்பது அவள் வேலையாம். ஒரு விளக்குக்கே கை கடுத்துப்போகிறது என்றாள்.

பாட்டில் இதற்குப் பதில் இல்லை. பீலி சூட்டியவர், மாலை கட்டியவர், நெய் பூசியவர் யாரும் அதில் இல்லை. மயிற்பீலிக்குச் சொன்ன அதே வினைச்சொல்லைத்தான் நெய்க்கும் ஔவை சொல்கிறார். வேல்கள் தாமே நெய்யை அணிந்துகொண்டதுபோல இருக்கிறது. கொட்டிலில் பெண்கள் வேலை பார்த்தார்கள் என்று நான் நிறுவ வரவில்லை. அதற்குப் பாட்டில் சான்று கிடையாது. இரும்பைத் துருவிலிருந்து காப்பது ஓர் உழைப்பு, அந்த உழைப்புக்கு நம் வரலாற்று எழுத்தில் இடமில்லை என்பதே நான் சொல்ல விரும்புவது. அந்த இடமின்மையைப் பெண்கள் எப்படியெல்லாம் சுமந்தார்கள் என்பதை அடுப்படியிலும் பேறுகால அறையிலும் ஆலையிலும் தேடிப் பார்க்கலாம்.

முதலில் நெய் என்ன செய்கிறது என்று பார்ப்போம். சங்க இலக்கியத்தில் நெய் என்ற சொல் பசுநெய்யை மட்டும் குறிக்காது. எள்ளின் நெய்தான் எண்ணெய் ஆயிற்று. தண்ணீரும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் சேர்ந்து கிடைத்தால் இரும்பில் துரு வரும். உப்பும் புளிப்பும் அதை வேகப்படுத்தும். துருவுக்கு இரும்பைவிட அதிக இடம் தேவை. அதனால் அது மேலெழும்பிச் செதில் செதிலாக உதிர்கிறது. அதன் நுண்துளைகள் ஈரத்தைப் பிடித்து வைக்கின்றன; உதிர்ந்த இடத்தில் புது இரும்பு வெளியே வந்து அதுவும் துருப்பிடிக்கிறது. எண்ணெய்ப் படலம் ஈரத்தை இரும்பிடம் அண்டவிடாது. ஆனால் கத்தியை ஒருமுறை பயன்படுத்திக் கழுவியதும் படலம் போய்விடும். மறுபடி பூச வேண்டும். பயன்படுத்தப் பயன்படுத்தத் தீர்ந்துபோகிற காவல் இது.

தொண்டைமானின் வேலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அது வெளியே போவதே கிடையாது. அதியமானின் வேலுக்கும் இல்லை. அது முறிந்தால் கொல்லன் பார்த்துக்கொள்வான். ஔவையின் பாட்டில் இரும்புக்கு இரண்டே நிலைகள்: நெய் பூசிச் சும்மா இருப்பது, பயன்பட்டு முறிந்து கிடப்பது. மூன்றாவதாக ஒரு நிலை உண்டு. தினமும் பயன்பட்டு, தினமும் துடைத்து, தினமும் நெய் பூசி, மறுநாளும் பயன்படுவது. அடுப்படியில் அரிவாள்மனையின் நிலை அதுதான்.

என் அப்பாயி வேதாரண்யம் பக்கத்தவர். உப்பளக் காற்று வீசும் ஊரில் ஆணி முதல் கதவுத் தாழ்ப்பாள் வரை எல்லாம் துருப்பிடிக்கும். அவருடைய அரிவாள்மனை மட்டும் ஐம்பது ஆண்டு கழித்தும் மழமழவென்று இருந்தது. காய் அரிந்து முடித்த கையோடு தேங்காய் நாரில் அடுப்புச் சாம்பலைத் தொட்டுத் தேய்ப்பார். முதுகிலிருந்து விளிம்பை நோக்கியே கை போகும். எதிர்த்துப் போனால் விரல் போய்விடும். கழுவி, பழைய சேலைத் துணியால் துடைத்து, அடுப்பு அனலில் சற்றுக் காட்டி, இரண்டு பக்கமும் விளக்கெண்ணெய் தடவிச் சுவரோரம் சாத்துவார். மறுவேளை எடுக்கும்போது எண்ணெயைத் துடைத்துவிட்டு உட்காருவார். மாங்காயோ எலுமிச்சையோ தக்காளியோ அரிந்த அன்று ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க மாட்டார். வாழைப்பூ என்றால் முதலிலேயே கையிலும் வாயிலும் எண்ணெய் பூசிக்கொள்வார். இரும்பின் வாயைச் சொல்கிறேன்.

இந்த ஒவ்வொரு செயலுக்கும் வேதியியலில் காரணம் உண்டு. சாம்பல் காரத்தன்மை உடையது; காயின் புளிப்பை முறிக்கும், மெல்ல உரசவும் செய்யும். விளக்கெண்ணெய் மற்ற எண்ணெய்களைவிட அடர்த்தியானது. எளிதில் வழிந்துபோகாது, காய்ந்து பிசின்போல ஒட்டவும் செய்யாது. வாழைக்காய் பட்டு இரும்பு கறுப்பது, துவர்ப்புப் பொருளான டானின் இரும்போடு சேர்வதால். அருங்காட்சியகங்களில் பழைய இரும்புப் பொருள்களின் துருவை நிலைப்படுத்த டானிக் அமிலம் பூசுவார்கள். அதுவும் அதே வேதிவினைதான். அங்கே அதைச் செய்பவருக்குப் பாதுகாப்பு வேதியியலர் என்று பதவி இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு வேளை என்றால் ஆண்டுக்கு 60 மணி நேரம். ஐம்பது ஆண்டுக்கு 3,000 மணி நேரம். அரிவாள்மனைக்கு மட்டும். தோசைக்கல்லும் இரும்புச் சட்டியும் கரண்டியும் களைக்கொத்தும் தனி. கூர் மழுங்கினால் சாணை பிடிப்பவர் வருவார். தெருவில் குரல் கொடுப்பார். வேலைக்குக் காசு வாங்குவார். அவர் தொழில் தொழிலாகவே பார்க்கப்பட்டது. துடைத்து எண்ணெய் போடுவதற்குக் குரலும் இல்லை, கூலியும் இல்லை. செய்தால் யார் கண்ணிலும் படாது. செய்யாவிட்டால் எல்லார் கண்ணிலும் படும். பெண் பார்க்கவோ விருந்துக்கோ வந்த பெரியம்மாக்கள் அடுப்படியில் அரிவாள்மனையைப் புரட்டிப் பார்த்து, "வீட்டுப் பொம்பள லட்சணம் இதுலயே தெரியுது" என்று சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். துரு இரும்பில் இருந்தாலும் பழி அவள்மேல்.

வேலைப் பிரிவினை பற்றிப் புறநானூற்றில் ஒரு பெண் பாடிய பட்டியலே இருக்கிறது. 312ஆம் பாட்டில் பொன்முடியார், பெற்று வளர்ப்பது தாயின் கடமை, சான்றோன் ஆக்குவது தந்தையின் கடமை, வேல் வடித்துத் தருவது கொல்லனின் கடமை என்று அடுக்குகிறார். வேந்தனுக்கும் ஒரு கடமை உண்டு. களிறு எறிந்து மீள்வது இளைஞனின் கடமை. அவன் கையிலுள்ள வாள் ஒளிவிடுகிறது என்றும் பாட்டு சொல்கிறது. வாள் தானாக ஒளிவிடாது. வடித்துத் தந்த கொல்லனுக்கும் எடுத்துப் போகிற இளைஞனுக்கும் நடுவே அதைத் துடைத்து எண்ணெயிட்டு வைத்த ஒரு கை இருந்தாக வேண்டும். பட்டியலில் அந்தக் கைக்குக் கடமையாகக்கூட இடமில்லை.

ஒக்கூர் மாசாத்தியாரின் 279ஆம் பாட்டில் எண்ணெயும் வேலும் பெண்ணின் கைக்கு வருகின்றன. தமையனையும் கணவனையும் அடுத்தடுத்துப் போரில் இழந்த பெண், மறுபடி பறை கேட்டதும் தன் ஒரே மகனுக்கு வெள்ளாடை உடுத்தி, பரட்டைத் தலையில் எண்ணெய் தடவி, கையில் வேல் கொடுத்து அனுப்புகிறாள். இதை மறக்குடி மகளிரின் வீரமென்று நமக்குச் சொல்லித்தந்தார்கள். எனக்கு அந்த எண்ணெய்தான் கண்ணில் நிற்கிறது. அவளுக்குத் தெரிந்த காப்பு அது ஒன்றே. இரும்புக்கு உதவுகிற எண்ணெய் மகனின் உயிருக்கு உதவாது என்பது அவளுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

95ஆம் பாட்டின் ஏளனம் எதன்மேல் நிற்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாலை சூடுவது, எண்ணெய் பூசுவது, காவலுள்ள வீட்டுக்குள் இருப்பது ஆகிய இவை எல்லாமே பெண்ணுக்குச் சொல்லப்படுகிறவை. தொண்டைமானின் வேல்கள் வீட்டுக்குள் அலங்கரித்து வைத்த பெண்களைப்போல இருக்கின்றன. அதனால் அவை இழிவு. நாடு விட்டு நாடு தூது போகும் சுதந்திரம் பெற்ற ஔவைகூட, இகழ வேண்டும் என்றதும் இந்த உவமையைத்தான் எடுத்துக்கொள்கிறார். பேணுவது கோழைத்தனம், முறிவது வீரம் என்ற கணக்கு அப்போதே உறுதிப்பட்டுவிட்டது. பாட்டின் முடிவில் அதியமானின் விருந்தோம்பல் வருகிறது: இருந்தால் கொடுப்பான், இல்லாவிட்டால் இருப்பதைப் பகிர்ந்து உண்பான். வேலில் தொடங்கிய பாட்டு சோற்றில் முடிகிறது. அந்தச் சோற்றுக்கும் கறிக்கும் அரிந்த கத்தி எந்தக் குடிலில் இருந்தது என்று கேட்க நமக்கு இரண்டாயிரம் ஆண்டு ஆகியிருக்கிறது.

பேணாத கத்தியின் விலையைப் பெண்கள் உயிரால் கொடுத்த இடம் பேறுகால அறை. குழந்தை பிறந்ததும் கொடி அறுக்க ஓர் இரும்பு வேண்டும். ஊர்களில் மகப்பேறு பார்த்தவர்களில் பெரும்பாலோர் நாவிதர் சமூகத்துப் பெண்கள். மருத்துவச்சி என்று அழைக்கப்பட்டவர்கள். அறுக்கும் இரும்பு பல வீடுகளில் பேறு நடக்கும் வீட்டிலிருந்தே வந்தது. தீட்டுப் பட்ட இரும்பை மறுபடி சமையலுக்கு எடுக்க மாட்டார்கள் என்பதால் புழக்கத்தில் இல்லாத பழைய அரிவாளைத் தூக்கிக் கொடுப்பார்களாம். இது என் அப்பாயி சொன்னது. பளபளவென்று தேய்த்த அரிவாள்மனை சாம்பாருக்கு. மூலையில் கிடந்த துருப்பிடித்த அரிவாள் தொப்புள்கொடிக்கு.

பிறந்து ஒரு வாரத்துக்குள் குழந்தை பால் குடிப்பதை நிறுத்தி, வாய் இறுகி, உடல் விறைத்து இறந்துபோகும். ரணஜன்னி என்பார்கள். துருதான் இதற்குக் காரணம் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். துரு காரணமில்லை. மண்ணிலும் சாணத்திலும் வாழும் டெட்டனஸ் கிருமியின் வித்துகளே காரணம். கிட்டசாட்டோ 1889இல் இந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தார். துருவின் குண்டுகுழிகள் மண்ணையும் அழுக்கையும் பிடித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். பளபளப்பான கத்தியிலும் வித்து இருக்கலாம். அறுத்த கொடியில் சாணமோ மண்ணோ வைத்தாலும் இதே கதிதான்.

காலனி ஆட்சிக் காலத்து மருத்துவர்கள் பழியை நேராக மருத்துவச்சியின் தலையில் வைத்தார்கள். அழுக்கு, அறியாமை, மூடநம்பிக்கை என்ற சொற்கள் அவள்மேல் திரும்பத் திரும்ப விழுந்தன. 1903இல் கர்சன் சீமாட்டி தொடங்கிய விக்டோரியா நினைவு உதவித்தொகை நிதி இவர்களுக்குப் பயிற்சி கொடுக்க முயன்றது. கிருமி உண்மை; குழந்தைகள் இறந்ததும் உண்மை. ஆனால் அவளுக்கு நல்ல இரும்பு தராத வீட்டையும், அவளைத் தீண்டத் தயங்கிய சாதியையும், ஒரு கைப்பிடித் தானியத்தைக் கூலியாகக் கொடுத்த ஊரையும் யாரும் அழுக்கு என்று சொல்லவில்லை. பின்னாளில் பிரச்சினையைத் தீர்த்தவை எளிய பொருள்கள்: கர்ப்பிணிகளுக்கு டெட்டனஸ் தடுப்பூசி, உறை பிரிக்காத புது பிளேடு, சுத்தமான நூல், சோப்புப் போட்டுக் கழுவிய கை, மருத்துவமனைப் பேறு. 2015இல் தாய்க்கும் சேய்க்கும் வரும் டெட்டனஸை இந்தியா ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் உறுதிசெய்தது. ஊர் ஊராகப் போய் ஊசி போட்டவர்கள் கிராம சுகாதாரச் செவிலியர்கள். அவர்களும் பெண்கள்.

அடுப்படித் துருவின் கதை வேறு வழியில் முடிந்தது. அதற்கு இங்கிலாந்துக்குப் போக வேண்டும். நம் வீட்டு எவர்சில்வர் அங்கிருந்துதான் புறப்படுகிறது. அங்கேயும் அதுவரை மேசைக் கத்தி துருப்பிடித்துக்கொண்டுதான் இருந்தது. வினிகரும் எலுமிச்சையும் பட்ட கத்தியைத் தோல் ஒட்டிய பலகையில் செங்கல் பொடி தூவி உரசித் துலக்குவது அடிமட்ட வேலையாட்களின் அன்றாடம். ஹன்னா கல்விக் என்ற வீட்டுப் பணிப்பெண் 1854 முதல் 1873 வரை எழுதிய நாட்குறிப்புகள் கிடைத்திருக்கின்றன. அடுப்பு மூட்டியது, பூட்ஸ் துடைத்தது, படி கழுவியது, கத்தி துலக்கியது என்று நாள்தோறும் எழுதிவைத்திருக்கிறார். செய்த வேலையை வேலை என்று எண்ணி எழுதிய அரிய பெண் அவர். அப்பாயியின் 3,000 மணி நேரத்துக்கு அப்படி ஒரு தாள்கூட இல்லை.

1912இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி என்ற உலோகவியலரிடம் ஒரு வேலை வந்தது. துப்பாக்கிக் குழல் உட்புறம் அரித்துப்போகாமல் இருக்க நல்ல எஃகு வேண்டும். 1913 ஆகஸ்டில் அவர் வார்த்த எஃகில் 12.8 சதவீதம் குரோமியம் இருந்தது. அது அமிலத்துக்கு அசையவில்லை. குழலைவிட மேசைக் கத்திக்கே இது பொருந்தும் என்று பிரியர்லி கண்டுகொண்டார். எர்னஸ்ட் ஸ்டூவர்ட் என்ற கத்தித் தொழிற்சாலை மேலாளர் வினிகரில் சோதித்துப் பார்த்து அதற்குக் கறைபடாத எஃகு என்று பெயர் வைத்தார். அதே காலத்தில் ஜெர்மனியிலும் இதுபோன்ற கலவைகள் உருவாயின. குரோமியம் காற்றோடு சேர்ந்து ஒரு மெல்லிய படலமாகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் அதில் சில பங்கு தடிமன்தான். கீறினால் தானே மறுபடி மூடிக்கொள்ளும். இதுவரை ஒருத்தி தினமும் பூசிய படலத்தை இப்போது எஃகே பூசிக்கொள்கிறது. பெண்ணுக்கு இது உண்மையான விடுதலை. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் பளபளப்பு தானாக வரவில்லை. அதே ஷெஃபீல்டில் கரண்டிகளையும் முள்கரண்டிகளையும் சுழலும் சக்கரத்தில் பிடித்து மெருகேற்றியவர்கள் பெரும்பாலும் பெண்கள். பஃபர் கேர்ள்ஸ் என்று ஊர் அழைத்தது. மணலும் எண்ணெயும் குழைத்த கலவை தெறிக்கும் என்று உடம்பில் பழுப்புக் காகிதமும் செய்தித்தாளும் சுற்றிக்கொண்டு, தலையில் துணி கட்டிக்கொண்டு நின்றார்கள். மாலையில் முகமும் கையும் கரியாக இருக்கும். பிரியர்லிக்கு அந்த நகரத்தின் சுவரில் பெரிய ஓவியம் இருக்கிறது. மெருகேற்றிய பெண்களைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அவர்களே வயதான காலத்தில் வாய்விட்டுச் சொன்னதால் கிடைத்தது.

நம் ஊருக்கு அது எவர்சில்வராக வந்தது. பழைய பட்டுச்சேலையின் சரிகையைக் கொடுத்து, பழந்துணிகளைக் கொடுத்து, தெருவில் வரும் பாத்திரக்காரியிடம் ஒவ்வொன்றாகப் பெண்கள் சேர்த்தார்கள். தரையில் உட்கார்ந்து அரிந்தவர்கள் மேடைக்கு எதிரே நின்று அரியத் தொடங்கினார்கள். அரிவாள்மனை பரணுக்குப் போயிற்று. மிச்சமான அந்த 60 மணி நேரத்தில் என் அம்மா தையல் கற்றுக்கொண்டார், நூலகத்தில் உறுப்பினரானார்.

இப்போது இரும்பு திரும்பி வருகிறது. இரும்புத் தோசைக்கல், இரும்புக் கடாய், அரிவாள்மனை எல்லாம் பாரம்பரியம் என்ற பெயரில் கண்காட்சிகளில் நல்ல விலைக்குப் போகின்றன. இரும்புச் சட்டியில் புளிப்பாகச் சமைத்தால் கொஞ்சம் இரும்புச்சத்து உணவில் சேரும். ரத்தசோகை மிகுந்த நம் பெண்களுக்கு அது நல்லதே. தீட்டிய இரும்புக் கத்தியின் கூர்மை பல எவர்சில்வர் கத்திகளுக்கு வராது என்பதும் சரி. வாங்குங்கள். கூடவே தரும் தாளில் எழுதியிருப்பதையும் படியுங்கள்: ஈரத்தில் வைக்காதீர்கள், உடனே துடையுங்கள், எண்ணெய் தடவி வையுங்கள். அந்த வாக்கியங்களுக்கு எழுவாய் கிடையாது. கடையில் பாரம்பரியத்தைப் பற்றி ஆர்வமாகப் பேசுகிற கணவரிடமோ அண்ணனிடமோ மகனிடமோ அந்தத் தாளை அங்கேயே கொடுத்து, இதில் உங்கள் நாள்கள் எவை என்று கேளுங்கள். பதில் வந்த பிறகு பணத்தைக் கட்டுங்கள்.